கார்பெற்காரனிடம் ஒரு கேள்வி

2009 மே மாதம் கோணேஸ்வரி வீட்டு ரெலிபோன் சாமி மாதிரி இருந்தது, ஒருவரும் தொடக்கூடாது. வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருந்த தம்பி நிரூபன், யாருடையதோ சற்றலைட் போனில் அரை நிமிடம் பேசி, "லைனை ஃப்ரீயா வையக்கா, திரும்பக் கோல் எடுக்கிறன்" என்றதோடு சரி. அன்றிலிருந்து அவள் புருஷன் வீரக்குட்டி, வேலைக்கு வரவில்லை என்று சொல்வதற்குக்கூட அஜின்கோர்ட் பிளாசாவின் காசுப் போனுக்கு நடந்துபோய்த்தான் பேசினார். கார்பெற் கழுவித் தாறம் என்று கோல் எடுக்கிற ஒருவனுக்குத்தான் இது விளங்கவில்லை. அவள் "தம்பி!" என்று பாய்ந்து எடுப்பாள். "ஹவ் ஆர் யூ, மேடம்?" என்பான். நல்ல தமிழில் திட்டிவிட்டு வைப்பாள்.

சண்டை முடிந்தது என்று ரீவி சொன்னது. இன்னும் இல்லை என்று ரேடியோ சொன்னது. யார் மிச்சம் என்று ஒன்றும் சொல்லவில்லை.

"இஞ்சரப்பா, நெஞ்சில ஆரோ ஏறி இருக்கிறமாதிரிக் கிடக்கு" என்றார் வீரக்குட்டி.

"காலமையே மூண்டு றோல்ஸ் திண்டா வேற ஆர் இருக்கிறது?" என்று திரும்பியவள், அவர் முகத்தில் வழிந்த வியர்வையைக் கண்டாள்.

இங்கிலீஷ் வகுப்பில் பேர்ணடெற் ரீச்சர் சொல்லியிருந்தார்: அவசரத்துக்கு 'கைண்ட்லி', 'பிளீஸ்' ஒன்றும் வேண்டாம், என்ன நடந்தது, என்ன வேண்டும், அவ்வளவுதான். கோணேஸ்வரி 911ஐ அழுத்தினாள். "மை ஹஸ்பண்ட் ஹாஸ் செஸ்ற் பெயின். ஐ நீட் அன் அம்புலன்ஸ்." யாரையோ அதட்டுவதுபோல இருந்தது. விலாசத்தையும் சொல்லி, "தாங்க் யூ, பாய்" என்று வைத்துவிட்டாள். லைன் ஃப்ரீயாக இருக்கவேண்டுமே.

உடனே மணி அடித்தது.

"தம்பி!"

"மேடம், டோன்ற் ஹாங் அப்." அதே 911 பெண்.

அதற்குள் வீரக்குட்டி செற்றியிலிருந்து சரிந்துவிட்டார். மூச்சைக் காணோம். ஸ்பீக்கர் பட்டனை அமத்திப் போனைத் தரையில் வை, நெஞ்சின் நடுவில் இரண்டு கையாலும் அழுத்து என்றாள் அந்தப் பெண். அழுத்தினாள். அப்போதுதான் போனுக்குள் 'பிப்' என்றது. வேறொருவர் அதே லைனுக்குக் கோல் எடுக்கிறார். பிப்.

"கொஞ்சம் பொறு தம்பி!"

"ஸொறி, மேடம்?"

இதை எந்த இங்கிலீஷில் சொல்வது? அந்தக் கோலுக்கு மாறும் பட்டன் ஒரு சாண் தூரத்தில். கையை எடுத்தால் இவர் போய்விடுவார், எடுக்காவிட்டால் அவன். பிப்.

"டோன்ற் ஸ்ரொப், மேடம்!"

அவள் நிறுத்தவில்லை. பிப் நின்றுவிட்டது. அம்புலன்ஸ்காரர் உள்ளே வந்து விலக்கியபிறகும் அவள் கைகள் காற்றில் அழுத்திக்கொண்டிருந்தன.

வீரக்குட்டி பிழைத்து வீடு வந்தார். போனின் சின்னத் திரையில் அந்தப் பிப்புக்கு நேரே 'அன்னோன்', யாரென்று தெரியாது, என்று மட்டும் இருந்தது. நிரூபன் எடுத்தபோதும் அப்படித்தான் விழுந்தது. கார்பெற்காரனுக்கும் அப்படித்தான்.

"நீ அதை எடுத்திருக்கலாமப்பா" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"எடுத்திருந்தா இப்ப என்னட்டை ஆர் றோல்ஸ் கேட்டு அரியண்டம் தாறது? பேசாமல் கஞ்சியைக் குடியுங்கோ."

நிரூபன் பிறகு கோல் எடுக்கவேயில்லை. கார்பெற்காரன்தான் எடுத்தான். அவள் திட்டவில்லை.

"ஸேர், மை ஹஸ்பண்ட் ஸிக் டே... யூ கோல்?"

"விச் டே, மேடம்?" அவன் குழம்பிப்போனான். வீரக்குட்டி சரிந்த நாளைச் சொன்னாள். "மேபி, மேடம். வீ கோல் எவ்ரிபடி."

மேபி அவளுக்குப் போதவில்லை. ரீச்சர் சொன்னதெல்லாம் மறந்துபோனது.

"பிளீஸ், ஸேர்," என்றாள். "சே யெஸ்."