தம்பி சொன்னதாக அக்கா சொன்னவை

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. கல்லறை ஜெபத்துக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும், இந்த நினைவு மலரைத் தபாலில் பெறப்போகும் நான்கு பேருக்கும் என் வணக்கம். அந்த நான்கு பேர் யார் என்று சொந்தங்களுக்குத் தெரியாது. நான் யார் என்று அந்த நான்கு பேருக்குத் தெரியாது. இரண்டையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். உரக்கடையில் பில் போட்டுப் பழகிய கை இது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது களமருதூரில். அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் நடவும் அறுப்புமாகப் பிழைத்தவர்கள். நான் பிறந்தபோது அக்காவுக்கு ஒன்பது வயது. அம்மா வேலைக்குப் போகும் நாட்களில் அக்கா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டே பள்ளிக்கூடம் போனாராம். கன்னியர் விடுதியில் தங்கிப் படித்து, நர்ஸ் பயிற்சி முடித்து, மஸ்கட்டில் ஒரு மருத்துவமனைக்கு வேலைக்குப் போனார். என் படிப்பு, என் திருமணம், நான் உட்கார்ந்திருக்கும் கடை எல்லாம் அந்தப் பதினான்கு வருட உழைப்பில் வந்தவை. அவருக்கு ஒரு வரன் கூடி வந்த நேரத்தில் அப்பா படுத்த படுக்கையானார். அதன்பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

மஸ்கட்டில் அக்காவின் அறையில் கூட இருந்தவர் ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸ். அவர் வைத்திருந்த கேசட்டுகளில்தான் அக்கா முதன்முதலாக ஜாஸ் இசையைக் கேட்டார். அது அமெரிக்காவில் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை. முதலில் எல்லோரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக அதை எடுத்துக்கொண்டு தன் மனம்போன வழியில் போவார்கள். கடைசியில் எல்லோரும் அந்த மெட்டுக்கே திரும்பி வந்து சேருவார்கள். இவ்வளவும் இந்த ஒரு வருடத்தில் நான் கற்றுக்கொண்டது. பணி முடிந்து வந்ததும் இருவரும் காலை நீட்டி உட்கார்ந்து, கேசட்டின் ஒரு பக்கம் முழுக்கப் பேசாமல் கேட்டுவிட்டு, பக்கம் முடிந்ததும் சண்டை போடுவார்களாம். “சண்ட போட ஒரு ஆள் இருந்தாத்தான்டா பாட்டு” என்று அக்கா ஒருமுறை என்னிடம் சொன்னார். அப்போது நான் கடைச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பியபின் கல்வராயன்மலையில், வெள்ளிமலைப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் சேர்ந்தார். மலையில் அக்காவின் கையில் பிறந்த பிள்ளைகள் இன்று பிள்ளை பெற்றுவிட்டார்கள். வாரம் முழுக்க அங்கே குடியிருப்பில் தனியாக இருப்பார். சனிக்கிழமை பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுக்கு வருவார், ஞாயிறு மதியத்துக்குள் மலைக்குத் திரும்பிவிடுவார். ஓய்வுபெற்றபின், வீட்டோடு சேர்ந்த கடைக்கு மேலிருக்கும் அறைக்கே வந்துவிட்டார். அதற்குள் ரெக்கார்டு பிளேயர் ஒன்று வாங்கியிருந்தார். கூரியரில் சதுரமாக, தட்டையாகப் பெட்டிகள் வரும். சொந்தங்களில் பலர் அதைச் சாமி படம் என்று நினைத்தீர்கள். அவை இசைத்தட்டுகள். ஐம்பது, அறுபது வருடத்துக்கு முன் வந்த தட்டுகளைப் பழைய ஒலிநாடாவிலிருந்து சுத்தம் செய்து மறுபடி வெளியிடுகிறார்கள். மறுபதிப்பு என்று அதற்குப் பெயர்.

இனி அந்த நான்கு பேர். பாண்டிச்சேரியில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, பெங்களூரில் ஒரு பொறியாளர், மதுரையில் ஒரு கல்லூரி ஆசிரியை, கொழும்பில் ஓர் அச்சகக்காரர். அக்காவோடு சேர்த்து ஐந்து பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. அதற்கொரு சட்டம் வைத்திருந்தார்கள். புது மறுபதிப்பு வந்தால் ஐந்து பேரும் வாங்கி, ஒரே ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கேட்க வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் தன் கருத்தைக் குரலில் பதிந்து அனுப்ப வேண்டும். ஐந்து பேரின் குரலும் வந்து சேரும்வரை யாரும் யாருக்கும் பதில் சொல்லக் கூடாது. எல்லாம் வந்தபின்தான் சண்டை.

அக்கா மலையில் இருந்த நாட்களில் குடியிருப்புக்குள் சிக்னல் கிடைக்காது. மரவள்ளிக் காட்டுக்கு மேலே ரோடு வளைகிற இடத்துக்கு நடந்துபோய் நின்று பேசி அனுப்புவாராம். “இன்னா சிஸ்டர், யாருகிட்ட தனியா பேசிக்கினு இருக்கீங்க?” என்று சுகாதார நிலையத்து ஆயாம்மா கேட்டால், “தனியா எங்கம்மா, நாலு பேரு இருக்காங்க” என்பாராம்.

என் அக்கா போனது பத்து நாள் காய்ச்சலில். சளி நுரையீரலில் கட்டிக்கொண்டது. எத்தனையோ பேருக்கு மூச்சு கொடுத்தவருக்கு மூச்சு போதவில்லை. அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் தெரியாத ஒரு பெரியவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பாண்டிச்சேரிக்காரர் அவர்தான்.

“நீங்கதானே அந்தத் தம்பி? சிஸ்டர் வாய்க்கு வாய் உங்களத்தாங்க சொல்வாங்க. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல ஒக்காந்துதான் கேப்போம்னு. அந்த சாக்ஸபோன்காரருக்கு நிறுத்த பயம்னு சொன்னீங்களே, அத நாங்க இன்னும் பேசிக்கினு இருக்கோம்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அழுதுகொண்டிருந்தவன், தலையாட்டிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து அக்காவின் போனைத் திறந்து, குழுவில் அவர் பேசியதை முதலிலிருந்து கேட்டேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் நான் இருந்தேன். சாக்ஸபோன் விஷயம் ஞாபகம் வந்தது. மாடிக்கு எதற்கோ போனபோது வாசலில் நின்று, “இன்னாக்கா இது, இந்த ஆளு மூச்சே வாங்க மாட்டானா? எப்பதான் நிறுத்துவான்?” என்று எரிந்து விழுந்திருந்தேன். அக்கா குழுவில் சொன்னது இது: “தம்பி சொல்றான், இவருக்கு நிறுத்த பயமாம். நிறுத்திட்டா தனியாயிடுவோம்னு பயமாம். எனக்கும் அது சரின்னுதான் படுது.”

இன்னொரு நாள், “சத்தத்த கம்மி பண்ணுக்கா, கடைக்கு ஆளுங்க வந்துக்கினு இருக்காங்க” என்று கீழிருந்து கத்தினேன். அது குழுவில் இப்படிப் போயிருந்தது: “தம்பி இந்தத் தட்ட கம்மியா வெச்சுதான் கேக்கணும்ன்றான். பழைய பதிப்பவிட இதுல ட்ரம்ஸ ஜாஸ்தி தூக்கி வெச்சுட்டாங்களாம்.” அதற்குக் கொழும்புக்காரர் என் காதைப் பாராட்டியிருந்தார். கேட்டுச் சிரித்தேன், பிறகு சிரிப்பு வரவில்லை.

மற்றவை நான் வாயே திறக்காதவை. அக்கா தயங்கிச் சொல்ல வேண்டிய கருத்தெல்லாம் என் பெயரில் தைரியமாகப் போயிருந்தது. முதல் பதிப்பு கிடைக்காமல் மறுபதிப்போடு திருப்திப்பட வேண்டியிருக்கிறதே என்று பெங்களூர்க்காரர் ஒருமுறை வருத்தப்பட்டபோது மட்டும் அக்கா என்னை இழுக்காமல் தானே சொன்னார்: “மொதப் பதிப்பு வந்தப்ப எங்கம்மா களமருதூர்ல நாத்து நட்டுக்கினு இருந்தாங்க. எங்களுக்கு மறுபதிப்புதாங்க மொதப் பதிப்பு.” இதைக் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. உயிரோடு இருந்தபோது ஒருநாள்கூட அக்காவின் பேச்சை நான் இப்படி உட்கார்ந்து கேட்டதில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது.

அக்காவின் அறையில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் அவர் உட்காருவார். மற்றது சும்மா கிடக்கும். என் மனைவி ஒருநாள் காய்ந்த துணியை அதன்மேல் போட்டதற்கு, “அதுல வேணாம்மா, தம்பி வந்தா ஒக்காருவான்” என்றாராம். மனைவி இதை அடக்கத்துக்குப் பிறகுதான் என்னிடம் சொன்னாள். ஒரே வீட்டில் ஆறு வருடம். அந்த நாற்காலியில் நான் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை.

அக்கா போய் நாற்பதாம் நாள் வாக்கில் ஒரு சதுரப் பெட்டி வந்தது. அவர் முன்பே சொல்லிவைத்திருந்த மறுபதிப்பு. குழுவில் நான்கு பேரும் கேட்டுவிட்டுக் குரலை அனுப்பினார்கள். “சிஸ்டர் எடத்துல தம்பி நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னப்பறந்தான் நாங்க பேசுவோம்” என்றார் மதுரை ஆசிரியை. நான் அக்காவின் போனிலிருந்து கும்பிடும் கைப் படத்தை அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். நான் அந்தத் தம்பி இல்லை என்று சொன்னால் அக்காவைப் பொய்க்காரி ஆக்கியதாகும். சொல்லாவிட்டால் நான் பொய்க்காரன். பத்து மாதத்துக்கு மேல் அவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் எனக்காகக் காத்திருந்தார்கள்.

சென்ற ஞாயிறு, கடையைச் சாத்திவிட்டு, நான்கு மணிக்கு மாடி ஏறினேன். பெட்டியைப் பிரித்தேன். பிளேயரின் முள்ளைத் தட்டின்மேல் வைக்கத் தெரியாமல் இரண்டுமுறை கீச்சென்று இழுத்துவிட்டு, மூன்றாவது முறை வைத்தேன். அக்கா எனக்கென்று போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பக்கம் முழுக்கக் கேட்டேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். பத்து நாளும் அக்காவைத் தூக்கி உட்காரவைத்துப் பார்த்துக்கொண்ட நர்ஸ் பிள்ளைகள், மலையிலிருந்து வேன் பிடித்து இறங்கிவந்து அழுத தாய்மார்கள், அடக்கத் திருப்பலி நிறைவேற்றிய பங்குத்தந்தை, குழி வெட்டியது முதல் சாப்பாடு பரிமாறியதுவரை கூட நின்ற தெருக்காரர்கள், அக்காவைத் தாயைப்போலக் கவனித்த என் மனைவி. உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

கடைசியாக, பாண்டிச்சேரி, பெங்களூரு, மதுரை, கொழும்பு நண்பர்களே. அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட தம்பி என்று ஒருவன் இல்லை. தம்பி சொன்னதாக நீங்கள் கேட்டதெல்லாம் அக்கா சொன்னது. என் அக்காவைத் தப்பாக நினைக்காதீர்கள். அவருக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, நான் போகவில்லை. என்னை மன்னித்து, நீங்கள் இனிப் பேசத் தொடங்குங்கள். ஐந்தாவது குரல் இதோ, இது ஒன்றுதான் உண்மையிலேயே தம்பி சொல்வது.

மூன்று பேர் வாசிக்கும் தட்டு அது. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டில் பியானோ வாசிப்பவர் நடுவில் கையை எடுத்துவிடுகிறார். மற்ற இருவரும் சத்தத்தைக் குறைத்து, அவருக்கு இடம் விட்டு, வாசித்துக்கொண்டே இருக்கிறார்கள். இதோ வந்துவிடுவார், இதோ வந்துவிடுவார் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் வரவே இல்லை. பக்கம் முடிந்துவிட்டது.

“இன்னாக்கா, அந்த ஆளு வரவே இல்லியே” என்று பக்கத்து நாற்காலியைப் பார்த்துக் கேட்டேன்.