மகனின் பெயரை எடுத்துக் கொடுத்தேன்

குண்டசாலையில், காசு கொடுத்துப் போன் பேசும் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை செய்தேன். கூட்டுவேன், தேத்தண்ணி ஊற்றுவேன், முதலாளி இல்லாத நேரம் போன் எடுப்பேன். படிப்பு இரண்டாம் வகுப்பு. வாய் மட்டும் பேராதனை கெம்பஸ்.

சண்டைக் காலம். கோல் எடுக்க வரும் யாழ்ப்பாணத்து ரீச்சர் ஒருநாள் அழுதபடி வந்தார். வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன் சொல்ல, கார்ட்டின் இரகசிய நம்பரைக் கொடுத்துவிட்டாராம். கணக்கு காலி.

"நல்லவேளை ரீச்சர், வீட்டுச் சாவிய கேக்கல. கேட்டிருந்தா பார்சல் பண்ணியிருப்பீங்க!"

என் பகிடிக்குக் கடையே சிரித்தது. ரீச்சர் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

கொஞ்ச நாளில் கடைப் போன் அடித்தது. அரைகுறைத் தமிழில் ஒருவன்.

"பொலிஸ். அம்மா, உங்க மகன் செக்பொயின்ட்ல மாட்டியிருக்கு."

"ஐயோ, செல்வமா சேர்?"

"ஆமா, செல்வம்தான்."

"கொட்டாஞ்சேனையில போர்டிங்ல இருக்கிற புள்ள சேர், ஒரு வம்புக்கும் போகமாட்டான்."

"அங்கதான் புடிச்சது. எந்த வீடு, சொல்லு."

ரோட்டுப் பெயர், வீட்டு நம்பர் எல்லாம் சொன்னேன். "போன வைக்காத. வச்சா மகன மேலிடத்துக்கு அனுப்பிருவோம். மகன விடணும்னா ரீலோட் கார்ட் சுரண்டி நம்பர் வாசி" என்றான். கடையில் விற்கிற போன் காசுக் கார்டுகளைச் சுரண்டிச் சுரண்டி வாசித்தேன்.

அந்த நேரம் முதலாளி வந்தார். "யாரு புள்ள போன்ல? ஏன் அழுற?" விஷயத்தைக் கேட்டதும் மற்றப் போனில் மகன் வேலை செய்யும் கடைக்கு அடித்து, என் கையில் தந்தார்.

"அம்மா, நான் இங்கதான் நிக்கிறேன். என்னைய யாரும் புடிக்கல." பிறகு அவன் குரல் இறங்கியது. "அவன்கிட்ட என் அட்ரஸும் சொன்னீங்களா?"

பையன்கள் காணாமல் போய்க்கொண்டிருந்த காலம் அது. பேசியவன் வெறும் கள்ளனா, வேறு யாருமா, யாருக்குத் தெரியும்? அன்றைக்கே மகன் பெட்டியைத் தூக்கினான். கூட இருந்த பையன்களும் என்னால் இடம் தேடி அலைந்தார்கள். முதலாளி, "கார்ட் போனா போகட்டும் புள்ள" என்றார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த முறை ரீச்சர் வந்தபோது கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டினேன்.

"என்ன, இண்டைக்குப் பகிடி ஒண்டும் இல்லையோ?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பிள்ளை சுகமா இருக்கிறானோ?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு மெதுவாக, "எனக்கும் அப்பிடித்தான். அவன் வங்கி எண்டு மட்டும்தான் சொன்னவன். எந்த வங்கியெண்டு நான்தான் சொன்னனான்" என்றார்.

அவனுக்கு ஒன்றுமே தெரியாது, பிள்ளைகளே. எல்லாம் நாங்கள் எடுத்துக் கொடுத்தது. மகன் என்றால், "எந்த மகன், பேரச் சொல்லு" என்று கேளுங்கள். வைக்காதே என்றால் உடனே வையுங்கள். உங்களிடம் இருக்கிற நம்பருக்கு நீங்களே அடியுங்கள்.

ஏமாந்தவர் யாராவது வந்தால் சிரிக்காதீர்கள். "அவன் எப்படிக் கேட்டான்?" என்று கேளுங்கள். ரீச்சரிடம் அன்றைக்கே நான் அதைக் கேட்டிருந்தால், என் பிள்ளை அந்த இரவு பெட்டியோடு ரோட்டில் நின்றிருக்கமாட்டான்.