புதன்கிழமைச் சைரன்

எங்கள் தீவில் பார்க்க ஒன்றுமில்லை. எண்ணெய் டாங்கிகள், ஒரு சீமெந்துக் கோபுரம், இரண்டு கிரேன். ஒஸ்லோவிலிருந்து படகில் முக்கால் மணி. அங்கே வேலையாட்களின் கன்ரீனில் பதினொரு வருடமாகச் சமைக்கிறேன்.

அதற்கு முன் நோர்வேயின் வடக்கு முனையில், பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டினேன். குனிந்து நின்று நாரி, இடுப்பு எல்லாம் போனது அங்கேதான். இந்த வேலையும் போனால் எனக்கு வேறு வேலை இல்லை. பென்சனுக்கு இன்னும் நான்கு வருடம்.

போன வசந்தத்தில் மனேஜர் வந்தார். பாதி வேலை மெஷினுக்குப் போய்விட்டது, சாப்பிட ஆளில்லை, கன்ரீனை மூடப் போகிறோம் என்றார். பிறகு, ஒரு வழி இருக்கிறது என்றார். ஒஸ்லோவுக்கு வரும் சுற்றுலாக்காரருக்குத் தீவைக் காட்டுவது. மதியச் சாப்பாடு கன்ரீனில். முதல் குழுவுக்குப் பிடித்தால் தொடரும். இல்லாவிட்டால் பூட்டு.

“யார் காட்டுவது?” என்றேன்.

“நீதான். வருவது தமிழர்கள்.”

ஒஸ்லோவின் ஓரத்தில், வெஸ்ட்லியில் இருக்கும் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

“நீங்கள் கதைச்சுக் காட்டப் போறியளோ? என்னோடையே ஒரு நாளைக்கு நாலு சொல்லுத்தான் கதைக்கிறியள்.”

புதன்கிழமை சென்னையிலிருந்து இருபது பேர் வந்தார்கள். தீவில் கால் வைத்தால் ஹெல்மெட், மஞ்சள் ஜாக்கெட், பாதுகாப்புப் படம். சட்டம் அது. சைரன் கேட்டால் பச்சைப் பலகைக்கு ஓடு, வரிசையில் நில், எண்ணிப் பார். படம் இதைத்தான் சொல்லும். கவனமாகப் பார்த்தார்கள். பட்டுச்சேலைக்கு மேல் ஜாக்கெட் போட்ட ஓர் அம்மா என்னிடம் வந்தார்.

“அண்ணே, இங்க பாக்கறதுக்கு என்ன இருக்கு?”

“எண்ணெய் டாங்கி.”

“அப்புறம்?”

“அதுக்குப் பின்னாலை இன்னொண்டு.”

அவர் கணவரைப் பார்த்தார். கணவர் என்னைப் பார்த்தார், டாங்கியைக் கட்டியது நான் என்பதுபோல்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். சோறு, பருப்பு, கத்தரிக்காய். ஒருவர் திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

பன்னிரண்டு மணிக்குச் சைரன் ஊதியது.

புதன்தோறும் சோதனைக்கு ஊதும். அதை அவர்களுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். நான் வேலைக்கு வந்த முதல் வாரம், சைரன் கேட்டதும் மேசைக்குக் கீழே குப்புறப் படுத்தேன். யாழ்ப்பாணத்தில் பழகியது அப்படி. மற்றவர்கள் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் குனிந்து, பால் வேண்டுமா என்று கேட்டான். அதன்பிறகு அந்தச் சத்தத்துக்குக் காதைப் பூட்டிவிட்டேன்.

இருபது பேரும் எழுந்து ஓடினார்கள். அந்த அம்மா தட்டோடு ஓடினார். நாரியைப் பிடித்துக்கொண்டு நானும் ஓடினேன். பச்சைப் பலகையின் கீழ் வரிசையாக நின்று தங்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். வேலையாட்கள் கோப்பியோடு யன்னலுக்கு வந்தார்கள். இத்தனை வருடத்தில் அவர்களில் ஒருவரும் அங்கே போய் நின்றதில்லை.

மனேஜரும் வந்தார். கன்ரீன் முடிந்தது என்று நினைத்தேன்.

“சும்மா சோதனை. ஒண்டுமில்லை,” என்றேன்.

“செம த்ரில்லுண்ணே!” என்றார் அந்த அம்மா. “முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லிட்டா அப்புறம் என்னடி த்ரில்லு?” என்றார் கணவர். “அண்ணே, இன்னொரு தடவ அடிக்கச் சொல்லுங்க. வீடியோ எடுக்கணும்.”

கன்ரீன் மூடப்படவில்லை. மனேஜர் கையால் சுற்றும் சைரன் ஒன்று வாங்கித் தந்தார். குழு வரும் நாளெல்லாம், அவர்கள் பாதி சாப்பிட்டதும், குசினிக்குள் நின்று நான் சுற்றுகிறேன்.

மனைவிக்கு நம்ப முடியவில்லை.

“புதுவருசப் பட்டாசுக்கே யன்னலைப் பூட்டுற ஆள். அங்கை நீங்களே சைரன் அடிக்கிறியளோ?”

“ஓம்,” என்றேன். “நாலு வருசம்தானே.”