ஜன்னலுக்கு வெளியே ராஜம்மாக்கா

நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கண் எரிகிறது என்றேன். கோல சிலாங்கூர் டவுன் மூக்குக்கண்ணாடிக் கடைப் பெண், "இருபது நிமிஷத்துக்கு ஒருதடவை தூரமா பாருங்க லா" என்றாள்.

செம்பனைத் தோட்டத்தில் நான் கிராணி, அதாவது ஆபீஸ் கிளார்க். இன்று ஆபீசில் அதற்காகவே கர்ட்டனை விலக்கினேன். வெளிச்சம் கூசுகிறதென்று மாதக்கணக்கில் மூடி வைத்திருந்தேன்.

தூரத்துச் செம்பனையைப் பார்க்கப் போனால், எதிரே வெயிலில் தோட்டத்தில் வேலை செய்யும் ராஜம்மாக்கா நிற்கிறார், கையில் லீவு ஃபாரம்.

"எவ்வளவு நேரமாக்கா நிக்கிறீங்க?"

"ஒரு மணி நேரம் இருக்கும் கிராணி. கர்ட்டன் மூடியிருந்தா நாங்க யாரும் கதவத் தட்ட மாட்டோம்."

அப்படி ஒரு சட்டம் நான் போட்டதே இல்லை. தட்டலாம் என்றும் சொன்னதில்லை.

தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டேன்.

"கண்ணு செவந்திருக்கே, மருந்து ஊத்துங்க கிராணி" என்றார்.

ஆபீஸ்வாசிகளே, உங்கள் ஜன்னலையும் திறந்து பார்த்துவிட்டு, யார் நிற்கிறார்கள் என்று கீழே எழுதுங்கள்.