மேசை தாங்காத சக்கரம்

பதுளையில் நானும் என் கணவரும் வேலை செய்த வேர்க்‌ஷொப், தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் சின்ன மின்நிலையங்களுக்கு டர்பைன் சக்கரம் செய்து கொடுத்தது. மலையிலிருந்து குழாய் வழியாக வரும் தண்ணீர் அடித்துச் சுற்றுகிற சக்கரம். விளிம்பெல்லாம் கிண்ணம் கிண்ணமாக இருக்கும். அவர் மெஷினில் நிற்பவர். கட்டர் எந்த வழியாகப் போய் வெட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுப்பவள் நான். பசறையிலிருந்து காலையில் ஒரே பஸ்ஸில் போவோம், ஒரே பஸ்ஸில் திரும்புவோம்.

பழைய மெஷினில் ஒரு சக்கரத்தை முடிக்க ஏழெட்டுத் தடவை கழற்றி மாட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் மயிரிழை விலகும். ஒரே பூட்டில் எல்லாப் பக்கமும் வெட்டுகிற ஐந்து அச்சு மெஷின் வாங்கலாம் என்று முதலாளி முடிவு செய்து, எங்கள் இருவரையும் கொழும்புக்குக் கூட்டிப்போனார்.

முதலில் பார்த்தது தலை சாயும் மெஷின். சக்கரம் அசையாமல் படுத்திருக்கும். கட்டரைப் பிடித்திருக்கும் தலைதான் சாய்ந்து சாய்ந்து வெட்டும். எவ்வளவு பாரமானாலும் தாங்கும். விளக்கியவர் இரண்டு ஆண்களையும் பார்த்தே பேசினார். நான் கேட்ட கேள்விகளுக்குக்கூட என் கணவரைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

அடுத்த கம்பெனியில் மேசை சாயும் மெஷின். சக்கரத்தைப் பூட்டிய மேசையே சாய்ந்து திரும்பும். அங்கிருந்தவர் எனக்கு உட்காரக் கதிரை இழுத்துப் போட்டார். "மேடம், உங்க புரோகிராமைப் போட்டு நீங்களே ஓட்டிப் பாருங்க" என்றார். ஓட்டினேன். வெட்டி வந்த கிண்ணத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பி வரும்போது வேனில் என் கணவர் சொன்னார்: "எனக்கு என்னமோ மொதல்ல பாத்ததுதான் சரின்னு படுது. சாயிற மேசை பாரம் தாங்காது. நாளைக்குப் பெரிய சக்கரம் வந்தா என்னா செய்றது?"

"இத்தன வருசத்துல அப்பிடி ஒன்னு வந்திருக்குதாங்க?"

"வரலதான்."

இரண்டு பக்கத்தில் அறிக்கை எழுதி முதலாளியிடம் கொடுத்தேன். மேசை சாயும் மெஷினுக்குக் குறைந்த இடம் போதும், சின்ன வேலைக்கு நுணுக்கமும் அதிகம். எழுதியதெல்லாம் உண்மைதான். அந்தக் கதிரையைப் பற்றி மட்டும் எழுதவில்லை.

முதலாளி என் கணவரைக் கேட்டார். அவர் என் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவ சொல்றபடி செய்ங்க, ஐயா" என்றார்.

மெஷின் வந்தது. ஒரு வருடம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு பெருமழையில் நமுனுகுலப் பக்கம் மண் சரிந்து ஒரு மின்நிலையத்தை அடித்துப் போட்டது. புதுச் சக்கரத்துக்கு வரைபடம் வந்தது. எடையைக் கணக்குப் போட்டேன். எங்கள் மேசை தாங்குவதைப் போல இரண்டு மடங்கு. என் கணவர் டேப்பைப் பிடித்து மேசையை அளந்தார், திரும்பவும் அளந்தார். "அகலமும் காணாது" என்று டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அந்த வேலை கொழும்பில் தலை சாயும் மெஷின் வைத்திருந்த ஒரு வேர்க்‌ஷொப்புக்குப் போனது. சின்னதும் பெரியதும் ஒரே இடத்தில் முடியட்டும் என்று அதன் பின்னாலேயே மற்றத் தோட்டத்து வேலைகளும் போயின. "இனி ஓராளுக்குத்தான் வேல இருக்கு, தங்கச்சி" என்றார் முதலாளி. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொன்னார். கொழும்புக்காரர்கள் என் கணவரைக் கூப்பிட்டார்கள்; இங்கே மிஞ்சிய வேலை எனக்கு.

அவருக்குத் துணி மடித்து வைக்கும்போதுதான் உண்மையைச் சொன்னேன். "மெஷினப் பாத்து நான் முடிவெடுக்கலங்க. அங்க என்னைய மதிச்சாங்க."

"தெரியும். ஒன் மொகத்தப் பாத்தேனே."

"அப்பறம் ஏன் ஐயாகிட்ட சொல்லல?"

"ஒன்ன யாரும் அப்பிடி ஒக்கார வச்சு நான் பாத்ததே இல்ல" என்றார்.

அவர் போய் எட்டு மாதமாகிறது. இன்னும் மூன்று பேரோடு ஓர் அறையில் இருக்கிறார். மாதத்தில் ஒருமுறை, இரண்டு நாளைக்கு வருவார். அதில் ஒரு நாள் தூக்கத்திலேயே போய்விடுகிறது. அங்கத்தைய மெஷின் இரைச்சலோ என்னவோ, போன தடவை காதும் சரியாகக் கேட்கவில்லை; இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. வேலையை விட்டுவிட்டு வந்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். வந்து எந்த மெஷினில் நிற்பார்? சோற்றை இன்னும் கொஞ்சம் போட்டேன்.