விட்டுப்போன கால்

எங்கள் டிராயிங் மாஸ்டர் ஆரோக்கியசாமி போய்விட்டார். ஏலாக்குறிச்சியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த அவர் தம்பி தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, வந்த வேகத்தில் திரும்பிவிட்டார். பள்ளிக் கரும்பலகையில் அறிவிப்பு எழுதுவது எப்போதும் மாஸ்டரின் வேலை. அன்று அது கணக்கு வாத்தியாரான என் தலையில் விழுந்தது. என் கையெழுத்தைக் கோழி கிளறியது என்று கேலி செய்தவரே அவர்தான்.

அரியலூரில் அவரோடு பழகியவர்களுக்கு அந்தப் படக் காட்சி நினைவிருக்கும். வெளிநாட்டு பாலே நடனமணி ஒருத்தியைப் பற்றிய ஆவணப்படம். திருச்சி நண்பர் ஒருவரிடம் கெஞ்சி, மாஸ்டர்தான் எங்கள் பள்ளிக்கு வரவழைத்தார். பஸ் ஸ்டாண்டில் ஒரு பலகை வைத்து விளம்பரமும் அவரே எழுதினார். முத்து முத்தான எழுத்து. ஆனால் 'பாலே'யில் கால் விட்டுப்போனது. 'பலே நடனம், அனுமதி இலவசம்' என்று படித்தவர்கள் ரெக்கார்டு டான்ஸ் என்று நினைத்துக் குன்னத்திலிருந்துகூட வந்துவிட்டார்கள்.

திரையில் அந்தப் பெண் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை நீட்டி மடக்கிக்கொண்டே இருந்தாள். "என்னா சார், எப்பத்தான் ஆடுவா?" என்று ஒருவர் கேட்டார். பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். அப்போது அவள் காலணியைக் கழற்றினாள். விரலெல்லாம் ரத்தம். பருத்திக்காட்டு வேலை முடிந்து அப்படியே வந்திருந்த ஓர் அம்மாள், "ஐயோ, யாராச்சும் அந்தப் புள்ளைய நிறுத்தச் சொல்லுங்க" என்றார். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். யாரிடம் போய்ச் சொல்வது? அவள் காலணியை மறுபடி மாட்டிக்கொண்டு ஆடப் போனாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கால் இல்லாததாலதான் கூட்டம் வந்துச்சு சார். இருந்திருந்தா நீங்களும் நானுந்தான்" என்று மாஸ்டர் சிரித்தார். ஆனாலும் மறுநாள் சிவப்புச் சாக்பீஸோடு போய், முடிந்துபோன காட்சிக்கான பலகையில் காலைப் போட்டுவிட்டு வந்தார். "தப்புன்னு தெரிஞ்சா தள்ளிப்போடக் கூடாது சார்."

அப்படிப்பட்டவர் போன வருடம் என்னிடம் யோசனை கேட்டார். சர்க்கரை வியாதி, கால் விரலில் புண். "டாக்டர் வெரல எடுத்துடணுங்குறாரு. என்ன சார் செய்யலாம்?"

"ரெண்டு நாள் பாத்துட்டுச் செய்யலாமே" என்றேன். நல்லதென்று நினைத்துத்தான் சொன்னேன். இரண்டு நாள் இரண்டு மாதமாயிற்று. கடைசியில் தஞ்சாவூரில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். போய்ப் பார்த்தபோது போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. "பலே ஆயிட்டேன் சார்" என்றார். வாங்கிப்போன சாத்துக்குடியை உரித்துக்கொண்டே இருந்தேன். என்னை அவர் ஒரு சொல் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அவர் தம்பி வந்துபோன அன்று காலை கரும்பலகையில் அறிவிப்பை எழுதி முடித்தேன். மணி அடிக்க வந்த பியூன் படித்துப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"சார், கால் விட்டுப்போச்சுங்க."

'கலமானார்' என்று எழுதியிருந்தேன். மாஸ்டர் மேசையில் கிடந்த சிவப்புச் சாக்பீஸை எடுத்துக் காலைப் போட்டேன். அவர் பொருளாக என்னிடம் இருப்பது அந்தத் துண்டுதான். அவர் காலுக்காக என்னால் செய்ய முடிந்ததும் அவ்வளவுதான்.