ஊர்க்கண் தின்ற குவியல்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில், கம்பைநல்லூர் பக்கத்து உரக்கொட்டகை வாசலில் குப்பை வண்டி வந்து கவிழ்த்ததைப் பார்த்ததும் சுகுணா எடுத்த மண்வெட்டியைக் கீழே போட்டாள். வாழைக்கன்று, மாவிலை, சாமந்தி, பொரி எல்லாம் சரி. அவற்றோடு குங்குமம் வழிய உடைந்த பூசணிக்காய்கள், ஒரு வண்டி நிறைய! கடை, பட்டறை, டிராக்டர், லாரி என்று ஊரே சுற்றி உடைத்த திருஷ்டியெல்லாம் இவள் தலையில்தான் வந்து விடியவேண்டுமா?

புருஷன் போனபின் சுகுணாவுக்குக் கஞ்சி ஊற்றியது இந்தக் கொட்டகைதான். மண்டபத்து எச்சில் இலை, மார்க்கெட்டில் அழுகின தக்காளி, மீன் கழிவு என்று எதையும் முகம் சுளிக்காமல் பிரித்துப் போடுகிறவள் அவள். ஆனால் இப்போது வீட்டில் மகள் நிர்மலா இருந்தாள். இரண்டு முறை கலைந்து, மறுபடி உண்டாகி, மூன்றாம் மாதம். டாக்டர் அசையக் கூடாது என்று சொல்லிவிட்டதால் இண்டூர் மாமியார் வீட்டிலிருந்து தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஊர்க்கண்ணைக் கையால் அள்ளிவிட்டு அந்தப் பெண்ணுக்கு எப்படிச் சோறு போடுவது?

"தம்பி, நீ அள்ளிப் போடேன். உங்க வேதத்துல இதெல்லாம் இல்லைதானே?" என்று கூட வேலை செய்யும் கிறிஸ்தவப் பையன் சவுரியப்பனைக் கேட்டாள்.

"இல்லைங்க்கா!" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான் மகராசன். மண்வெட்டியால் ஒரு பூசணியைத் தொட்டான். தலையைச் சொறிந்தான். "இருந்தாலும் நமக்கு எதுக்குங்க்கா வம்பு?" என்று திரும்பி வந்துவிட்டான். பெரிய வீரன்!

ஆக இரண்டு பேரும் பூசணிகளை மட்டும் கம்பியால் வேலியோரம் தள்ளிவைத்தார்கள். அது சும்மா கிடக்குமா? வாரம் திரும்புவதற்குள் நொதித்து நீர் விட்டு, நாற்றம் ரோட்டைத் தாண்டியது. எதிர்வீட்டு ராமக்காள் கைக்குழந்தையோடு கேட்டில் வந்து நின்றாள்.

"பச்சப்புள்ள வாயில ஈ உக்காருதுங்க. ராவெல்லாம் வாந்தி. நீங்களே பாருங்க."

திட்டியிருந்தால்கூட சுகுணா தாங்கியிருப்பாள். குழந்தை தோளில் துவண்டு கிடந்தது.

அவள் கையுறையை மாட்டிக்கொண்டு வேலியோரம் போனாள். "ஆத்தா, அதுவும் புள்ளதான். எங்கூட்டுப் புள்ளய நீ பாத்துக்க" என்று சாமியிடம் முனகிக்கொண்டே ஒவ்வொன்றாக அள்ளினாள். சவுரியப்பன் வெட்கப்பட்டுக் கூடையைத் தூக்கினான். சருகு ஒரு அடுக்கு, பூசணி ஒரு அடுக்கு, சாணிக்கரைசல், மேலே மறுபடி சருகு. அன்று வீட்டில் தலைக்கு ஊற்றிக்கொண்ட பிறகும் மகளின் வயிற்றைத் தொட அவளுக்குப் பயமாயிருந்தது.

சில நாள் கழித்துக் குவியலைக் கிளறினார்கள். அம்மாடி, என்ன ஆவி! உள்ளே குத்தி உருவிய கம்பியைத் தொட்ட சவுரியப்பன் "ஐயோ!" என்று கையை உதறினான். நெருப்பில்லை, கரண்டில்லை, அழுகினதும் எச்சிலும் தன்னாலே கொதிக்கின்றன. எத்தனையோ முறை பார்த்ததுதான். அன்றைக்கு மட்டும் சுகுணாவுக்குக் கும்பிடத் தோன்றியது. கும்பிட்டாள். கார்த்திகை கழிவதற்குள் பூசணியுமில்லை, குங்குமச் சிவப்புமில்லை. மழை பெய்த கொல்லை வாசத்தோடு கறுப்பு உரம். இதில் எவன் கண் எது என்று யார் பிரிக்க முடியும்? ஊர்ப் பொறாமை மொத்தத்தையும் தின்று செரித்துவிட்டு அது பாட்டுக்குக் கிடந்தது.

குவியலின் ஓரத்தில் ஒரே ஒரு விதை வேகாமல் தப்பியிருந்தது. அது முளைத்து வேலியில் கொடியோடி, மாசியில் சாம்பல் பூத்த காய் ஒன்றைத் தொங்கவிட்டது. எதிர்வீட்டுக் குழந்தை தேறி, ராமக்காள் இடுப்பிலிருந்தபடி அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தது.

நிர்மலாவின் வளைகாப்புக்கு முதல் நாள், அரிவாள்மணை முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, சுகுணா அந்தக் காயை அரிந்து கூட்டு வைத்தாள். பரிமாறியதும் நிர்மலா ஒரு வாய் எடுத்து வைத்தாள்.

"நல்லா இருக்குதும்மா. எங்க வாங்கின?"

சுகுணாவுக்குப் பொய் வரவில்லை. "ஊரு ஒடச்ச திருஷ்டிக்காயோட விதைம்மா. நம்ம குவியல்ல தப்பிப் பொழைச்சது."

நிர்மலா தட்டிலிருந்த காய்த்துண்டு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு தட்டை நீட்டினாள்.

"அவ்ளோ சூட்டுலயும் பொழைச்சுதா? அப்ப எம் புள்ளைக்கும் அதான் வேணும். இன்னொரு கரண்டி போடும்மா."